மருந்தா, உப்புத் தண்ணீரா

குளிர் பட்டால் அப்பாவின் ரத்தம் உடையும். அந்த அரிய நோயை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் புரதம் ஒன்று குளிரில் அவருடைய சிவப்பணுக்களையே பற்றிக்கொள்கிறது. அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, பிறகு உடைகின்றன. விரல்நுனிகள் நாவற்பழ நிறமாகும். இரண்டொரு நாளில் கண் மஞ்சளிக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வெயில் காலத்தில் நாங்கள் இதை ஏறக்குறைய மறந்திருப்போம். கார்த்திகையில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியதும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் அவர் கையில்தான் இருக்கும்.

முன்பு கொடுத்த மருந்துகள் கேட்கவில்லை. ரத்தம் ஏற்றினால் சில வாரங்கள் தாங்கும், அவ்வளவுதான். அதனால்தான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் நடக்கும் ஆய்வகத்தில் உருவாக்கிய புதிய எதிர்ப்புப் புரத மருந்து ஒன்றின் ஆய்வில் அப்பா சேர்ந்தார். இரு வாரங்களுக்கு ஒருமுறை கை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் திராட்சைத் தோட்டத்தை அம்மா பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே முதுகலைத் தமிழ் இறுதியாண்டு வகுப்புகளை விட்டு நான் அவருடன் போனேன். எதையாவது படிக்கலாம் என்று புத்தகம் எடுத்துப் போவேன். பிரித்த பக்கத்திலேயே திரும்பி வருவேன்.

தேனிப் பேருந்து நிலையத்தில் அப்பாவின் கம்பளிச் சட்டையையும் குரங்குக் குல்லாவையும் பார்த்துவிட்டுக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

“என்ன மாமா, இந்த வெயில்ல இம்புட்டுப் போர்வை? மூணாறுக்கா?”

“ஆமா மாப்ள. அங்கன எஸ்டேட் வாங்கியிருக்கேன். வா, கொழுந்து பறிக்க வேலை போட்டுத் தாரேன்.”

அவர்கள் சிரிப்பார்கள். நான் மதுரைப் பேருந்தில் ஜன்னல் அடைபடும் இருக்கை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பேன்.

ஆய்வில் சேர்ந்த அன்றே அதை நடத்தும் டாக்டரம்மா விளக்கியிருந்தார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்பது அவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. கடைசிவரை இருப்பவர்கள் எல்லோருக்கும் ஆய்வு முடிந்தபின் மருந்து உண்டு. நான் அதை எளிமைப்படுத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பாவே சொன்னார்: “ஒரு வரிசைக்கு மருந்தடிச்சு, ஒரு வரிசைய அடிக்காம விட்டுப் பாப்போம்ல, அதானம்மா?”

“அதேதான் ஐயா.”

விளக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் அடிக்காமல் விட்ட வரிசையை எந்த விவசாயியும் அறுப்பு வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தினமும் போய் இலையைப் புரட்டிப் பார்ப்பார். மார்கழியில், மதுரைக்குப் போகவேண்டிய ஒரு நாள் விடியற்காலை அம்மாவின் சத்தம் கேட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன்.

“ஆத்தா, இங்கன வந்து உங்கப்பா செஞ்சிருக்க வேலையப் பாரு!”

மோட்டார் தொட்டியில் இரண்டு கைகளையும் முங்கவிட்டு எடுத்திருந்தார். பந்தலடியில் நின்று, சாம்பல் நோய் விழுந்த இலையைப் பார்ப்பதுபோல் தம் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விரலும் நீலம்.

“பாத்தியாத்தா? தண்ணிதான் ஏத்துறாக. மருந்துன்னா இது கறுக்குமா?”

“உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?” என்று அம்மா முந்தானையால் அந்தக் கைகளைச் சுற்றித் தேய்த்தார்.

“இனி நான் மதுரைக்கு வரல. உப்புத் தண்ணிக்கு அம்புட்டுத் தூரம் எதுக்கு? உங்கம்மா வைக்கிற ரசமே போதும்.”

விலகினால் முடிவில் கிடைக்கப்போகும் மருந்தும் போய்விடும். அடுத்த குளிரை எதைக் கொண்டு கடப்பது? இதையெல்லாம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “வர வேணாம்பா. வரலங்கிறத நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருங்க, போயிட்டு வந்துருவோம்” என்றேன். ஒருவரிடம் முகம் பார்த்துச் சொல்லாமல் விலகும் பழக்கம் அவருக்கில்லை. அன்றே கிளம்பினோம். வழியில் ஆண்டிபட்டியை எப்போது கடந்தோம் என்று தெரியவில்லை, தூங்கிவிட்டேன்.

தொட்டியில் கையை விட்டதை அப்பா ஒளிக்காமல் சொன்னார். டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இனிமே இப்படிச் செய்யாதீங்க ஐயா, ஆபத்து. இன்னொண்ணு, இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். அணுக்கள் ஒட்டுறதாலதான் விரல் நீலமாகுது. ஒட்டுறதை இந்த மருந்து தடுக்காது. அதுக்கப்புறம் உடையுது பாருங்க, அதைத்தான் தடுக்கும். மருந்தே ஏறியிருந்தாலும் உங்க விரல் நீலமாத்தான் ஆகும்.”

“அப்ப இந்தக் கையப் பாத்து ஒண்ணும் தெரியாதா?”

“தெரியாது.”

“வேற எங்கன பாக்கணும்?”

“ரத்தத்துல. கண்ணு மஞ்சளிக்கிறதை வச்சும் உறுதியாச் சொல்ல முடியாது. அந்த முடிவையும் ஆய்வு முடியறவரைக்கும் எனக்குக் காட்ட மாட்டாங்க. உங்க உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவாங்க.”

அப்பாவின் முகத்தில் நிம்மதியை எதிர்பார்த்தேன். அது வரவில்லை. தாமே பார்த்துத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே இடமும் இல்லை என்று ஆகிவிட்டது.

“ஏத்தலாமா, வேண்டாமா? விலகுறதுன்னாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டோம்” என்றார் டாக்டரம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ என்னத்தா சொல்லுற?”

வாதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்: “எனக்குத் தெரியலப்பா.”

“சரிதான். டாக்டரம்மாவுக்கும் தெரியல, எம்.ஏ. படிக்கிற பிள்ளைக்கும் தெரியல. நான் மட்டும் தெரிஞ்சு என்ன செய்யப் போறேன்?” கம்பளிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். “ஏத்துங்கம்மா. தண்ணியாவே இருந்தாலும் கொஞ்சம் சுட வச்சு ஏத்துங்க.”

அவருக்கு எப்போதும் வெதுவெதுப்பாக்கித்தான் ஏற்றுகிறார்கள். செவிலியர் அதைச் சொல்லாமல் “சரிங்கய்யா” என்று ஊசியை எடுத்தார். முதல் சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன்.