எட்டிப் பார்த்த பெண்

கறம்பக்குடியிலிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே காட்ட வேண்டிய புரோகிராம் லேப்டாப்பில் திறந்திருந்தது. பெயர்களை ஒவ்வொன்றாக ஒரு லிஸ்டில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் எல்லா வரியிலும் கடைசிப் பெயரே வந்தது. எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் எட்டி எட்டிப் பார்த்தாள். பணம் இருந்த பையைக் கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டேன். திரையைச் சன்னல் பக்கம் திருப்பினேன். அப்போதும் கழுத்தை நீட்டினாள்.

“என்னங்க வேணும்?” என்றேன் வெடுக்கென்று.

“தப்பா நெனைக்காதீங்க. பேரு வைக்கிற ஒரே ஆப்ஜெக்டையே திரும்பத் திரும்ப லிஸ்டுல சேக்குறீங்க. அதுல பேரை மாத்துனா எல்லா வரியும் மாறிடும். லூப்புக்குள்ள ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு உண்டாக்கிச் சேருங்க.”

நம்பாமல்தான் மாற்றினேன். பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

“நீங்க எங்க வேலை பாக்குறீங்க?”

“சென்னையில பாத்தேங்க. இவ பொறந்ததும் விட்டுட்டேன். புரோகிராமைப் பாத்தே ரொம்ப நாளாச்சு. அதான் கண்ணு அங்கிட்டே போகுது.”

குழந்தையை வாங்கி என் மடியில் கிடத்திக்கொண்டு, லேப்டாப்பை அவரிடம் நீட்டினேன். புதுக்கோட்டை வரும்வரை அவர் தலைநிமிரவே இல்லை. வேலை எனக்குக் கிடைத்தது. அவர் பெயரைக் கேட்காமல் இறங்கியதுதான் இன்னும் உறுத்துகிறது.