தீயணைப்புக் குழாய் மேல் நம் மன்றக் கொடிமேடை

ரசிகர் மன்ற நண்பர்களே, இன்று இந்தக் கரும்பலகையில் படச்செய்தி கிடையாது.

மத்தியானம் தலத்தெருவில் தையல்கார லூர்து அக்காவின் கூரை வீடு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்தது. பாதி அணைவதற்குள் வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

தீயணைப்புக்காரர் ஒருவர் இரும்பு நிலைக்குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடினார். "இங்க தரையில ஒரு மூடி இருக்குமே. அதத் தெறந்து இத மாட்டினாதாங்க தண்ணி."

"அதுவா? இந்த மன்றத்துக்காரங்க கொடிமேடைக்கு அடியில கெடக்குதுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

கடப்பாரையை எடுத்தேன். நம் செயலாளர் மறித்துக்கொண்டு நின்றார். "நாளைக்குப் படம் ரிலீசுடா. இன்னைக்கு மேடைய இடிச்சா அபசகுனம். வண்டிய குளத்துக்குப் போகச் சொல்லு."

வண்டி குளத்துக்குப் போய் வருவதற்குள் வீடு சாம்பல். தையல் மிஷின் வெறும் இரும்பு.

அக்கா அழவில்லை. "அந்தக் கொடிய நான்தானேப்பா தைச்சுக் குடுத்தேன்" என்று மட்டும் கேட்டார்.

நாளை முதல் காட்சிக்கு முன்னால் மேடையை உடைக்கப் போகிறேன். வருகிறவர்கள் கீழே பெயர் எழுதிவிட்டுக் கடப்பாரையோடு வாருங்கள். விசிலடிக்க மட்டும் தெரிந்தவர்கள் செயலாளர் பக்கத்தில் நின்றுகொள்ளலாம், அங்கே நிறைய இடம் இருக்கிறது.