டாக்டர் கேட்ட கேள்விக்கு அக்கா தேடிய பதில்

அக்கா எங்களைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. அது தெரிந்துதான் அத்தான், “பேச வேண்டாம், நினைவு மலருக்கு எழுதிக் கொடு” என்றார்கள்.

அக்கா பிறந்தது ஆழ்வார்குறிச்சியில். வாக்கப்பட்டுப் போனது ராதாபுரத்துக்கு. ஆற்றுத் தண்ணீரில் சமைத்துப் பழகியவர்களுக்கு அங்கே உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. வேறு யாராக இருந்தாலும் அலுத்துக்கொண்டு விட்டிருப்பார்கள். அக்கா ஊரில் உள்ள ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து வந்து வேகவைத்துப் பார்த்து, எந்தக் கிணற்றுத் தண்ணீரில் வேகும் என்று கண்டுபிடித்தார்கள். எதற்கும் ஏன் என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். அத்தானுக்கு வேலை இல்லாத வருடங்களில் தையல் மிஷினை மிதித்தே மகளைப் படிக்க வைத்தார்கள்.

இருமல் வந்தபோது துணித் தூசி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மருந்துக்கு நிற்கவில்லை. திருநெல்வேலியில் படம் எடுத்து, சதை எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார்கள்.

“நானா? வீட்டுக்காரரும் தொட மாட்டாக. தம்பி டீக்கடைப் பக்கம் போனாலே பீடி நாத்தத்துக்கு மூக்கப் பொத்திக்கிடுவேன்” என்று அக்கா சிரித்தார்கள்.

“ரத்த சொந்தத்துல யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா?”

இல்லை என்று சொன்னோம்.

அம்பாசமுத்திரத்தில் என் டீக்கடைக்கு வரும் ஒரு பெரியவர் எழுபது தாண்டியும் பீடியும் கையுமாக இருக்கிறார். அவருக்கு ஒன்றும் இல்லை. அக்காவுக்கு ஏன்? எனக்கு அது பிடிபடவில்லை. அக்காவுக்கோ டாக்டரம்மாவின் இரண்டாவது கேள்விதான் மனதில் தைத்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்கள்.

“ஏலே, நம்ம பெரியம்மா எதுல போனா?”

“காய்ச்சல்னு சொன்னாக.”

“மாசக்கணக்கா இருமிக்கிட்டுக் கிடந்தாளே. அது என்ன காய்ச்சல்?”

வீட்டுக்குப் போகவில்லை. நேரே சித்தி வீட்டுக்குப் போனோம். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தங்கை அவர்கள். அக்கா கேட்டதும் சித்தி முதலில் மழுப்பினார்கள். அக்கா விடவில்லை.

“எனக்கே வந்துருக்கு சித்தி. இனி யாருக்கு மறைக்கீய?”

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். “அவளுக்கும் நுரையீரல்லதாம்ளா கட்டி. அவளும் புகையிலை தொட்டவ இல்ல. அப்ப வீட்டுல மூணு பொம்பளப்பிள்ள கல்யாணத்துக்கு நிக்கி. வெளிய சொல்ல முடியுமா? காய்ச்சல்னு சொல்லிட்டோம்.”

மறுமுறை போனபோது அக்கா அதைச் சொன்னார்கள். டாக்டரம்மா எழுதிக்கொண்டு பொறுமையாக விளக்கினார்கள். புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும். விறகடுப்புப் புகை, கெட்ட காற்று என்று பல காரணங்கள் உண்டு. சில குடும்பங்களில் பிறவியிலேயே இந்த நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதனால் எல்லோருக்கும் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. உங்களுக்கு இதனால்தான் வந்தது என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

அக்கா விடாமல் கேட்டார்கள். “அப்ப கட்டியில ஏதோ மாற்றம் இருக்குன்னு மாத்திரை குடுத்தியளே, அது என் மகளுக்கும் இருக்குமா?”

“அது பெரும்பாலும் கட்டிக்குள்ள மட்டும் வந்த மாற்றம்மா. பிள்ளைக்குப் போறதில்ல. பிறவியில வர்ற தன்மை வேற. குடும்பத்துல யாருக்காவது இருமல் நீடிச்சா சீக்கிரம் வந்து, இப்படி இருந்துச்சுன்னு சொல்லணும். அது போதும்.”

அந்த மாத்திரையில் அக்கா இரண்டு பொங்கல் எங்களோடு இருந்தார்கள். மறுபடி தைக்கவும் செய்தார்கள். பிறகு மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை. பேச்சு குறைந்த நாட்களில் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “என்னையும் காய்ச்சல்னு சொல்லிராதீங்கலே.”

போன மாதம் பாபநாசத்தில் மாதத் திதி கொடுத்துவிட்டு ஆற்றிலிருந்து ஏறும்போதே, அப்பா வழியில் பெரியப்பா மகனான அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். “மலருல மாரடைப்புன்னு போட்ருவோம். அவ பிள்ளைக்கு மாப்பிள்ளை வீடு பேசிக்கிட்டு இருக்கோம்லா. அவுக கைக்கும் இது போகும்.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சித்தி பயந்த அதே பயம்தான்.

போன வாரம் அக்கா மகளிடமே, எப்படி எழுதட்டும் என்று கேட்டேன். பிள்ளை தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னது.

“உள்ளத எழுதுங்க மாமா. அவுக வீட்டுக்கு மலர நானே கொண்டு குடுக்கேன். படிச்சிட்டு வேண்டாம்னா, இப்பவே வேண்டாம்னு போகட்டும்.”

அண்ணனிடமும் அதுவே சொல்லிவிட்டது. அதனால் உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன டாக்டரம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்த ராதாபுரத்துத் தெருக்காரர்களுக்கும், நான் இல்லாத நாட்களில் கடையைப் பார்த்துக்கொண்ட நண்பர்களுக்கும், மறைத்ததை மனம் துணிந்து சொன்ன சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சொந்தங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் யாரிடமாவது ஒரு டாக்டர், ரத்த சொந்தத்தில் இந்த நோய் உண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். பெரியம்மாவைச் சொல்லுங்கள். அக்காவைச் சொல்லுங்கள்.