மாலை போட்டுக் கொடுத்த வால்வு சாவி

எங்கள் கொட்டாம்பட்டிக் கண்மாய் மடையை இனிமேல் ஊர்க்காரர்களே திறந்து மூடிக்கொள்ளலாம் என்று பங்குனி மாதம் ஜில்லாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து சொன்னார். அதிகாரமெல்லாம் மேலேயே குவிந்து கிடப்பது தப்பாம். அது கீழே இறங்கி ஜனங்கள் கைக்கு வரவேண்டுமாம். கேட்கக் கேட்க எங்களுக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று. மதுரையில் ஒரு தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் அதிகாரத்தை இப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள், சந்தேகமிருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மடைப் பூட்டின் சாவியைக் கொடுக்க வருகிற அன்றைக்கு ஒரு நல்ல மாலைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

எங்கள் பஞ்சாயத்தில் வாய் அதிகம் எனக்குத்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள். உங்கள் ஊருக்கும் இப்படி ஓர் அதிகாரி வந்திருந்தால், அல்லது வரப்போகிறார் என்றால், நான் போன வழியே நீங்களும் ஒரு தடவை போய் வருவது நல்லது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரை சுமார் முப்பது மைல். காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் பத்தணா கொடுத்தேன். சண்டை நடக்கிற காலமாதலால் பெட்ரோல் இல்லை. பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

"மருதைக்கு எப்ப மாப்ள போய்ச் சேரும்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"அடுப்பு மனசு வச்சா வெயிலுக்கு முன்னாடி போயிரலாம்ண்ணே. இல்லாட்டி யானைமலையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அடுப்பு மனசு வைக்கவில்லை. மேலூரில் ஒரு மணி நேரம் நின்று, யானைமலையைத் தாண்டி வைகைப் பாலத்தில் ஏறும்போது பதினொன்றரை. ஆற்றில் தண்ணீர் என்று சொல்ல எதுவும் இல்லை. மணலில் தோண்டிய ஊற்றுகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குழாய் உள்ள ஊரில் இதென்ன கூத்து என்று நினைத்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் வாரச் சந்தைக்குச் சல்லடை விற்க வரும் மைதீன் பாய். அவர்தான் தெருக் கமிட்டியின் தலைவர், சாவி அவரிடம்தான் இருக்கிறது என்று அதிகாரியே சொல்லியிருந்தார். சில வாரமாக அவரைச் சந்தையில் காணவில்லை. பெரிய மனுஷர் ஆகிவிட்டார், இனிச் சல்லடையா விற்பார் என்று நாங்கள் கேலி பேசியிருந்தோம். தெருவின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். தெற்கு வாசல் பக்கம் என்றால் போதும். அங்கே போக ஜட்காக்காரன் நாலணா கேட்டான், மூன்றணாவுக்கு வந்தான்.

பாய் ஆளே பாதியாகியிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் மகள் அரைச் செம்பு கொண்டுவந்து வைத்தாள். தலைவர் வீட்டிலேயே அரைச் செம்பா என்று எனக்கு முகம் சுருங்கியது.

"இதுவும் ஆத்துல மொண்டதுண்ணே," என்றார் பாய். "வாங்க, காட்டுறேன்."

சாவி என்றதும் நான் மடியில் செருகுகிற சாவியை நினைத்திருந்தேன். இது இடுப்பு உயர இரும்புக் கம்பி. தலையில் குறுக்கே ஒரு பிடி. அதைக் கொடுத்த அன்று தெருவில் பந்தல் போட்டு, கொட்டு முழக்கி, சாவிக்கும் ஒரு மாலை, பாய்க்கும் ஒரு மாலை. வார்டு மெம்பர் பேசினாராம்: "இன்றுமுதல் உங்கள் தண்ணீர் உங்கள் கையில்." பாய் அந்தச் சாவியைத் தெரு முனையில் உள்ள குழியில் விட்டு, இரண்டு கையாலும் திருகிக் காட்டினார். உஸ் என்று காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை.

"இது சின்ன வால்வுண்ணே. முச்சந்தியில பெரிய வால்வு ஒண்ணு இருக்கு. அத அவுக தொறந்தாத்தான் இதுக்குத் தண்ணி. அந்தச் சாவி முனிசிபாலிட்டி பெரிய ஆபீஸ்ல. முன்னாடியாவது விடியக்காலம் ஒரு மணி நேரம் விடுவாக. இத எங்கிட்டக் குடுத்தப்பறம் அதுவும் நின்னு போச்சு."

நான் வாய் திறப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து கதீஜா என்ற பெண் வெளியே வந்தாள். இடுப்பில் குடம், முகத்தில் ஆற்று வெயில். என்னை ஒரு ஆளாகவே அவள் மதிக்கவில்லை.

"சாவிய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு தெருவையே ஆத்துக்கு வெரட்டுறீகளே பாய், நல்லாருக்கா? ஒங்க மக நிக்காஹ்வுக்கு இந்தத் தெருவுல ஒருத்தரும் வரமாட்டோம். நீங்களும் ஒங்க சாவியும் உக்காந்து சோறு தின்னுங்க."

பாய் சாவியைக் குழியிலிருந்து உருவிக்கொண்டார். கல்யாணம் அடுத்த வாரம். மாப்பிள்ளை வீடு வண்டியூர், தெப்பக்குளத்துப் பக்கம். தெரு ஜமாவே ஒதுங்கி நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஏதோ பெரிய குற்றம் செய்த குடும்பம் என்றுதானே? எந்தக் குறையும் வரக்கூடாது என்று தன் வீட்டுப் பெண்களைத்தான் மற்றவர்களுக்கு முன்னால் ஆற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் அந்த மனுஷர். அதையும் தெரு நம்பவில்லை. வீட்டுக்குள் தனியாக ஒரு குழாய் இருக்கிறது என்று பேச்சு.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் பெரிய ஆபீஸுக்கு நடந்தோம். சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார் பாய். ஆபீஸ் வாசலில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பூந்தொட்டிகளுக்கு வேறு தனியாக. பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அங்கேயே ரத்தம் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு மணி நேரம் நிற்கவைத்த பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டார்.

"தெருவுக்கு அதிகாரம் கொடுத்தாச்சே. இனி தண்ணி வரலைன்னா உங்க கமிட்டித் தலைவரைக் கேளுங்க."

"தலைவரே நான்தாங்கய்யா," என்றார் பாய்.

"அப்ப உங்களையே கேட்டுக்கங்க."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெரிய வால்வின் சாவியையும் கொடுத்துவிடுங்கள் என்றேன். அது நிர்வாகம் சம்பந்தப்பட்டது, ஜனங்கள் கையில் கொடுக்க முடியாது என்றார். அப்படியானால் இந்தச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கொடுக்கத்தான் உத்தரவு, திரும்ப வாங்க உத்தரவில்லை, அதோடு இது சண்டைக் காலம் என்றார். வைகை மணலில் சிரட்டையால் தண்ணீர் மொள்ளுகிற பெண்களுக்கும் எங்கோ நடக்கிற சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சேவகன் வந்து என் தோளைத் தொட்டான்.

தெருவுக்குத் திரும்பியபோது பாய் வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். பாய் தோளிலிருந்து சாவியை இறக்கி நேராகக் கதீஜாவிடம் நீட்டினார்.

"இந்தா தாயி. நீயே தொற."

அவள் நம்பாமல் வாங்கினாள். குழியில் விட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திருகினாள். முட்டுகிற வரைக்கும் திருகினாள். உஸ் என்றது. தரையில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு இன்னொருத்தி திருகிப் பார்த்தாள், அதற்குப் பிறகு இன்னொருத்தி.

"வெறுங்காத்துல்ல வருது," என்றாள் கதீஜா. "அப்பத் தண்ணிய எங்குட்டுப் பிடிச்சு வச்சிருக்காக?"

பாய் எல்லோரையும் முச்சந்திக்கு அழைத்துப் போனார். பெரிய இரும்பு மூடி. அதில் ஒரு பூட்டு. தெருக்காரர்கள் வருஷக்கணக்காக அதை மிதித்துத்தான் போய்வந்திருக்கிறார்கள்.

"இதுக்குச் சாவி?"

"அது அவுககிட்ட."

"அப்ப நம்மகிட்டக் குடுத்தது?"

"வசவு வாங்குற வேல," என்றார் பாய்.

கதீஜா அந்த மூடியை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பாயிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. "நிக்காஹ் அன்னிக்கு வீட்டுக்கொரு கொடமா வந்து சேரும், போங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கல்யாணத்துக்காகவே முந்தின நாளே இரண்டாம் தடவையும் பத்தணா கொடுத்துப் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போனேன். விடியும்போதே தெருவின் அத்தனை வீட்டுக் குடங்களும் பாய் வாசலில் வரிசையாக இருந்தன. எல்லாம் ஆற்றிலிருந்து சுமந்தது. அந்தத் தண்ணீரில்தான் நெய்ச்சோறு வெந்தது. வண்டியூரார் மனம் நிறைந்து சாப்பிட்டார்கள். வார்டு மெம்பரும் வந்தார், தான் கொடுத்த அதிகாரம் எப்படி நடக்கிறது என்று விசாரித்தார், பாய் அவருக்கு இன்னொரு கரண்டி நெய்ச்சோறு வைத்தார். சாப்பிட்டு முடித்த மெம்பர், கையை உயரப் பிடித்துக்கொண்டு, "கை கழுவத் தண்ணி கொண்டாங்கப்பா," என்றார்.

பெண்கள் பக்கம் கட்டியிருந்த திரைக்கு அடியிலிருந்து அந்த இரும்புச் சாவி தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றது.

"ஒங்க தண்ணி ஒங்க கையிலன்னு சொல்லித்தான குடுத்தாரு. முனையில போய்த் தொறந்து கழுவிக்கிறச் சொல்லுங்க," என்று திரைக்குப் பின்னாலிருந்து கதீஜாவின் குரல்.

யாரும் அசையவில்லை. பாய்கூட. மெம்பர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நெய் காய்ந்த கையோடு எழுந்து, குழாயில் தண்ணீர் வருகிற தன் தெருவைப் பார்க்க நடந்தார். இதை எழுதும் நாள் வரை பாய் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் பாயை யாரும் ஏசுவதில்லை. முறை போட்டுக்கொண்டு தினமும் இரண்டு வீட்டார் அந்தப் பெரிய மூடிமேல் காலிக் குடங்களோடு உட்கார்ந்துகொள்கிறார்களாம். முச்சந்தியில் வண்டி போக முடியவில்லை என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்து கெஞ்சிவிட்டுப் போயிருக்கிறான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோடையில் கையோடு தண்ணீர் கொண்டு போங்கள். திரும்புகிற கடைசி பஸ் நாலு மணிக்கு. அதை விட்டால் சத்திரம்தான். அதிகாரம் கொடுக்கிறோம் என்று யாராவது உங்கள் ஊருக்கு வந்தால் சந்தோஷமாக உட்காரவைத்து மோர் கொடுங்கள். ஆனால் அவர்கள் கொடுப்பதற்கு மேலே இன்னொரு பூட்டு இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

நாங்கள் கேட்டோம். சித்திரைக் கடைசியில் அதே அதிகாரி மடைச் சாவியோடு வந்தார். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற கால்வாயின் ஷட்டர் இனி யார் கையில் என்று நான் எழுந்து கேட்டேன். அது வேறு விஷயம், அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் பஞ்சாயத்து மெம்பர்கள் ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாங்கிவைத்த மாலையை அன்று சாயந்திரம் அய்யனாருக்குப் போட்டோம். சாவியை அதிகாரியே காரில் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அந்தக் காருக்கு மட்டும் பெட்ரோல் இருந்தது.