ஃபேன் இல்லாத கம்ப்யூட்டர்

என் மகன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன். பழவேற்காட்டு உப்புக்காற்றில் அதன் ஃபேன் துருப்பிடித்து விசைப்படகு மாதிரி இரையும். மாலை ஜெபத்துக்குக் கூப்பிட்டால் எழமாட்டான்.

"இன்னா நைனா, மாதாவையே மறந்துட்டியா?"

"வேலை கீதும்மா."

பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்டானே என்று தினமும் மாதாவிடம் அழுவேன்.

போன மாதம் அவனே பாகங்கள் வாங்கி, ஃபேன் இல்லாத சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்தான். கரண்டு கொஞ்சம்தான் இழுக்குமாம். சூட்டை அலுமினியப் பெட்டியே வெளியே விட்டுவிடுமாம். அன்று மாலை நான் மன்றாட்டு சொல்லச் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. திரும்பினேன். அவன் கை டைப் அடித்துக்கொண்டிருந்தது, வாய் ஜெபித்துக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்துடா சொல்ற?"

"தெனமுந்தாம்மா. அந்த மிஷின் போட்ட கூச்சல்ல உனக்குக் கேக்கல."

நான் அவனைப் பற்றி முறையிட்ட நாளெல்லாம், அவன் குரலும் மாதாவுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.