கேட்காமல் எடுத்த டீசல் பம்பு

ஓணம் தொடங்குகிற அத்தத்துக்கு முதல் நாள் காலையில், கரமனைப் பாலத்தின் மேல், என் பிக்கப் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. பின்னால் மூட்டை மூட்டையாகக் கேந்திப்பூவும் வாடாமல்லியும். அதற்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் நகரம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோவாளைச் சந்தையில் பூ எடுத்து, நானே ஓட்டி வந்து, சாலைக் கடைத்தெருவில் விற்பது என் தொழில். அத்தம் தொடங்கித் திருவோணம் வரைதான் எங்களுக்கு வருஷம்; மற்ற நாட்களில் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், அவ்வளவுதான். கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பூக்களப் போட்டி வேறு. வருஷம் முழுக்கத் தரையைக் குனிந்து பார்க்காத பிள்ளைகள் அந்த ஒரு வாரம் முழங்காலில் உட்கார்ந்து பூ அடுக்குவார்கள். அவர்களுக்கெல்லாம் பூ தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வாடகைக்கு வண்டி பிடிக்கலாம் என்றால், ஓணத்தில் சும்மா நிற்கிற வண்டி இந்த ஊரில் கிடையாது.

என் மெக்கானிக் மலையாளி. எங்களோடு பழகிப் பழகி இரண்டு பாஷையையும் ஒரே வாயில் கலந்து பேசுவார். கட்டி இழுத்து வந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "பம்பு போயி அண்ணாச்சி. இனி ரிப்பேரு பறயாண்டாம், மாத்தணும்" என்றார்.

மாற்றுவது என்ன பெரிய காரியம் என்றுதான் கிளம்பினேன். கம்பெனி ஷோரூமில் விசாரித்தால், "ஸ்டாக் இல்ல, ஓணம் கழிஞ்சு வரும்" என்றார்கள். ஸ்பேர் கடை ஒன்றில் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை எடுத்து வைத்தார்கள். மெக்கானிக் அதன் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டியிலேயே போட்டார். "டூப்ளிக்கேட்டாணு. உள்ளே தேஞ்சு இரும்புப்பொடி விட்டா இன்ஜெக்டரும் கூட சேந்து போகும்." தம்பானூர்ப் பக்கம் பழைய பம்பைப் புதுப்பித்து விற்கிற ஒருவர் இருந்தார். எவ்வளவு நாள் ஓடும் என்று கேட்டதற்கு, "ஓடும் வரை ஓடும்" என்றார். நேர்மையான மனிதர். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மெக்கானிக் மூலையைப் பார்த்து மோவாயை அசைத்தார். வாயால் சொல்ல அவருக்கும் கூச்சம் இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு வண்டி கேபின் நசுங்கிக் கிடந்தது. என் வண்டியின் அதே மாடல்.

அது பக்கத்து ஊர்ப் பையனுடையது. என் பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்து, என்னைவிட நன்றாக ஓட்டக் கற்றவன். என்னை அண்ணாச்சி என்பான். போன மாதம் பாறசாலை வளைவில் ஒரு டிப்பர் இடித்ததில் அவன் இடது கால் உள்ளே சிக்கி நொறுங்கிவிட்டது. ஆனால் வண்டியின் இன்ஜினுக்கு ஒரு கீறலும் இல்லை. கொண்டுவந்து போட்ட அன்று சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டதாம். பம்பும் புதியது, கம்பெனிச் சரக்கு. ஆடி மாதம் அதை மாற்றியபோது என்னிடமும் சொன்னான்: "நீங்களும் மாத்திருங்க அண்ணாச்சி. ஓணத்துல நடுரோட்டுல விட்டிரும்." இன்னும் ஒரு ஓணம் தாங்கும்லே என்று சிரித்தேன்.

எங்கள் ரோட்டில் பூவண்டிக்காரர்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஒருவன் ஸ்டெப்னி எல்லாருக்கும் ஸ்டெப்னி, ஒருவன் ஜாக்கி எல்லாருக்கும் ஜாக்கி. ஆனால் வண்டிக்காரனை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது. ஆள் எதிரில் இல்லாவிட்டால் போன் போட்டாவது கேட்போம்.

நான் அவனைக் கேட்கவில்லை. அவன் மனைவியைக் கேட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், அவனுக்குக் கஞ்சி வாங்க வந்தவளை நிறுத்தி.

"எடுத்துக்கிடுங்க அண்ணே," என்றாள். "அந்த வண்டி இனி எங்க ஓடப் போவுது? ஆனா அவர்ட்ட மட்டும் சொல்லாண்டாம். அத நம்பித்தான் மருந்தே திங்காரு."

புதுப் பம்பின் விலையை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். புதிதாக ஒன்றுக்கும் ஆர்டர் போட்டேன், ஓணம் கழிந்து வந்ததும் அவன் வண்டியில் மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்ற இன்னொரு பழமொழியும் தமிழில் இருக்கிறது. அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

அவன் பம்பை மாட்டிய என் வண்டி அந்த ஓணம் முழுக்கக் குதிரை மாதிரி ஓடியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாளாவது மக்கர் செய்திருந்தால் பட்டது போதும் என்று மனசு ஆறியிருக்கும். ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்பியதும் டக்கென்று பிடிக்கும். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். பாறசாலை வளைவு வரும்போது ரேடியோவை அணைத்துவிடுவேன்.

திருவோணம் கழிந்து, வறுத்த நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலத்தோடு அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆர்டர் போட்ட பம்பு இன்னும் வந்திருக்கவில்லை. வந்து, அதை மாட்டி முடித்த பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று எண்ணம். அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மனைவி கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாவாரம் எப்படி அண்ணாச்சி?"

"குறையில்ல மக்கா."

அவன் உப்பேரியைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான். "டாக்டர் சொல்லிட்டாரு. இந்தக் காலு இனி கிளச்சு மிதிக்காதாம்."

நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"அது போட்டும். வண்டிய ஆக்கருக்கு, பழைய இரும்பு வெலைக்குப் போட வேண்டியதுதான். ஆனா அந்தப் பம்பு உங்களுக்கு. ஒத்த பைசா வாங்க மாட்டேன். தொழில் சொல்லித்தந்தது நீங்கல்லா? உங்க பம்பு எப்பவேணும்னாலும் போயிரும்னு எனக்குத் தெரியும்."

அவன் மனைவியின் கை துணியிலேயே நின்றது. கேட்டிருந்தால் கட்டிலில் கிடந்தபடியே சிரித்துக்கொண்டு கொடுத்திருப்பான். நான் அதைத் திருடினேன். திருடிய பிறகும் அவன் கொடுக்கிறான்.

"ஒரே ஒரு காரியம் அண்ணாச்சி. கழத்தப் போற அன்னைக்கு என்னையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அந்தச் சத்தத்தக் கேக்கணும். பெறவு எடுத்துக்கிடுங்க."

"ஸ்டார்ட் ஆகாது மக்கா," என்றேன்.

அவன் சிரித்தான். "அதெல்லாம் ஆகும் அண்ணாச்சி. பம்பு புதுசுல்லா?"