போன் அடித்தால் நின்றுபோகும் புடவை

நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில், கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடும் வேலையில் இருந்தேன். தெருவில் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் டெலிபோன் ஒயரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். லேண்ட்லைனோடு இன்டர்நெட்டும் போயிற்று. முதலாளி அசரவில்லை. அவர் புதிதாக வாங்கியிருந்த செல்போனைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தால், சிக்னலிலேயே இன்டர்நெட் வருமாம். போனை விற்றவர் சொல்லியிருந்தார்.

அதற்கு 'செட்டிங்ஸ்' வேண்டும். கஸ்டமர் கேரில் கேட்டதும் எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்பினார்கள். போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். மூன்று தடவை அணைத்துப் போட்ட பிறகு கனெக்‌ஷன் கிடைத்தது. கடைக்குள் சிக்னல் ஒரு கோடுதான் என்பதால் போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். முதலாளி அதற்கு விபூதி பூசிக் குங்குமமும் வைத்தார்.

அனுப்ப வேண்டியது ஒரே ஒரு போட்டோ. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த பெங்களூர் அம்மாள் ஒருவர், முகூர்த்தப் புடவையின் பார்டரை ஈமெயிலில் பார்க்க ஆசைப்பட்டார். அனுப்பத் தொடங்கினேன். திரையில் பச்சைக் கோடு பாதி தூரம் நகர்ந்திருக்கும், ஜன்னலில் தொங்கிய போன் அடித்தது. முதலாளி கழுத்தை வளைத்துக் கம்பியில் காதை வைத்தார்.

"போட்டோ இன்னும் வரலையே," என்றார் பெங்களூர் அம்மாள்.

"வந்துக்கினே இருக்குதும்மா."

பேசி முடித்துப் பார்த்தால் பச்சைக் கோட்டைக் காணோம். அந்தப் போனுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும். பேச்சு வந்தால் டேட்டாவை விட்டுவிடும். முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி பாதி, மறுபடி அந்த அம்மாள்.

"சார், அவங்க கூப்பிடாம இருந்தாத்தான் போகும்," என்றேன்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நான் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துல போயி போன்ல சொல்லிட்டு வந்துட்றேன்."

அவர் கிளம்பியதும் மூன்றாம் தடவை அனுப்பினேன். கோடு பாதியைத் தாண்டியது, முக்காலுக்கு வந்தது. போன் அடித்தது. இனி எடுத்தாலும் ஒன்றுதான், எடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று எடுத்தேன்.

"சொல்லிட்டேம்மா," என்றார் முதலாளி. "இனிமே போனே பண்ண மாட்டாங்க. நீ தைரியமா அனுப்பு."

"சரி சார்," என்றேன். எனக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர். அவர் நடந்து வந்து சேர்வதற்குள் போட்டோ போய்விட்டது.

பிறகு பதிலுக்குக் காத்திருந்தோம். மூன்று நாளாகியும் வரவில்லை. போன் பண்ணக் கூடாது என்று சொல்லியிருந்தோம். அந்த அம்மாள் சொல்பேச்சு கேட்பவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு நேரில் வந்து இறங்கினார்.

"போட்டோ நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பட்டைத் தொட்டுப் பார்க்காம எப்படிங்க எடுக்கறது?"

மத்தியானம் முழுக்க நூறு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, போட்டோவில் இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் முதலாளி, "பெங்களூருக்கு இன்டர்நெட்லயே புடவை வித்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.